இன்று ஏலாதவை

காலையில் தோய்ப்பதற்குச் சட்டையை எடுத்த என் மனைவி, பைக்குள் கையை விட்டுவிட்டு விரலைப் பார்த்தாள். நுனியெல்லாம் வெள்ளை. வெண்கட்டித் துண்டு ஒன்று உள்ளே உடைந்து தூளாகிக் கிடந்திருக்கிறது. "இஞ்ச பாருங்கோ, இப்ப பள்ளிக்கூடத்திலயும் பதில் கடமை தந்திட்டாங்களோ?" என்று கேட்டாள். சிரிக்க வேண்டிய கதைதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தூளின் மணம் மூக்கில் ஏறியதும் உம்முடைய கிராம அலுவலர் கந்தோர் வாசல் கண்ணுக்குள் வந்து நின்றது. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை, நிரப்பாத படிவங்களை மேசையில் ஒரு பக்கம் தள்ளிவிட்டு உமக்கு எழுத இருக்கிறேன்.

நீர் போய் ஐந்து மாதம் ஆகிறது. உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அதே கிழமை, உம்முடைய பிரிவையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். புது ஆள் வரும்வரைக்கும் கொஞ்ச நாளைக்குத்தானாம். அந்தக் "கொஞ்ச நாள்" எவ்வளவு நீளம் என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு கிராம அலுவலருக்கு ஒரு ஆள், ஒரு மோட்டார் சைக்கிள். காலையில் என் பிரிவு, மத்தியானத்துக்குப் பிறகு உம்முடைய பிரிவு. வதிவிடச் சான்று, நற்சான்று, அடையாள அட்டை, வெள்ள நிவாரணப் பட்டியல், வேலிச் சண்டை, மரம் வெட்ட அனுமதி. போதாததற்கு வட்ஸ்அப்பில் மணிக்கொரு கட்டளை. "மிக அவசரம்" என்று தலைப்புப் போடாத கடிதம் இப்போது வருவதே இல்லை. எல்லாமே அவசரம் என்றால் எதை முதலில் செய்வது என்று எழுதியனுப்ப மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை.

களைத்துப் போனேன் ஐசே. நித்திரையால் எழும்பும்போதே களைப்பாக இருக்கிறது. பல் துலக்கிக்கொண்டு நிற்கும்போதே நேற்று முடியாமல் விட்டவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வரும். கிராம அலுவலருக்குச் சனம் வைத்த பழைய பெயரில் யாராவது "விதானையார்" என்று கூப்பிட்டால் எங்கேயாவது போய் ஒளிக்கத் தோன்றுகிறது. முன்பு அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு எவ்வளவு விருப்பம் என்று உமக்குத் தெரியும்.

ஒரே நாளில் நியமனம் கிடைத்தவர்கள் நாங்கள். உமக்குக் கடற்கரைப் பக்கம், எனக்கு உள்பக்கம், நடுவில் நிலாவெளி வீதி. இருபது வருசத்துக்கு மேலாக அந்த வீதியைக் கடந்து ஒருவருடைய கந்தோருக்கு மற்றவர் போய்த் தேத்தண்ணி குடித்திருக்கிறோம். நான் வரும் நேரமெல்லாம் உம்முடைய வாசலில் கிடந்த வாங்கில் நாலைந்து பேர்தான் குந்தியிருப்பார்கள். என் வாசலில் எப்போதும் திருவிழா. உமக்கும் எனக்கும் ஒரே அளவு சனம், ஒரே அளவு வேலை. ஆனால் நீர் பதறி நான் கண்டதில்லை. "உமக்கு உடம்பில ஓடுறது இரத்தமோ, இளநியோ?" என்று ஒருநாள் கேட்டேன். "இளநி விக்கிற விலையில அதை ஆர் உள்ளுக்கு ஓட விடுறது?" என்றீர்.

உம்முடைய நிதானம் பிறவிக் குணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உம்முடைய வாசல் பலகையை நான் ஒரு பகிடியாகத்தான் பார்த்தேன். பாலர் பாடசாலை கழித்துவிட்ட சின்னக் கரும்பலகை, ஒரு மூலை உடைந்தது. கந்தோரைத் திறக்க முன்னமே வாசலில் நின்று அதில் எழுதுவீர். மேலே "இன்று ஏலாதவை" என்று தலைப்பு. கீழே அன்றைக்கு உம்மால் செய்து முடிக்க முடியாத வேலைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நாள் இருக்கும். மரம் வெட்டும் அனுமதி, வியாழன். வேலிப் பிணக்கு, வெள்ளி. நாள் போடாமல் ஒரு வேலையையும் நீர் எழுதியதில்லை. எழுதிய நாளில் அதைச் செய்யாமல் விட்டதும் இல்லை. சனம் வரும், சைக்கிளில் இருந்தபடியே வாசிக்கும், திரும்பித் தன் சோலியைப் பார்க்கப் போய்விடும்.

"எல்லா விதானையும் தான் செய்யிறதைத்தான் எழுதி வைப்பான். செய்யமாட்டன் எண்டு பலகை போட்ட ஒரே விதானை நீர்தான் ஐசே" என்று நான் நக்கலடித்தேன்.

நீர் வெண்கட்டித் தூளை ஊதிக்கொண்டு சொன்னீர்: "ஓமெண்டு சொல்லுறது லேசு. பிறகு அதைக் காவிக்கொண்டு திரியிறது சனம்தானே."

ஒருமுறை யாரோ குறும்புக்காரர் கடைசி வரியாக "சிரிப்பு, சனி" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். நீர் அதை அழிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை சந்தையில் கண்டவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தீர். மீன் விற்கிற மனிசி பயந்துபோய் என்னிடம் வந்து, "ஐயாவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

நான் வேறு மாதிரி ஆள். என் நாக்கில் முதலில் வருவது "ஓம்"தான். "ஓம், செய்து தாறன். நாளைக்கு வாங்கோ." ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லாத நல்ல மனிசன் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்கு ஆசை இருந்தது. நாளைக்கு என்று சொல்லி அனுப்பிய அத்தனை பேரும் மறுநாள் சொன்னபடியே வந்து நிற்பார்கள். என் வாசல் திருவிழாவின் இரகசியம் அவ்வளவுதான். அது எனக்கு விளங்க இவ்வளவு காலம் பிடித்தது.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடத்தான் மனம் சொல்கிறது. சிறுநீரகம் பழுதாகி நீர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் கிழமை, எங்களுக்கு வெள்ளம். செவ்வாய்க்கிழமை போன் எடுத்து, "நேரமிருந்தா ஒருக்கா வாரும்" என்றீர். "ஓம், நாளைக்கு வாறன்" என்றேன். புதன்கிழமை நிவாரணப் பட்டியலோடு போய்விட்டது. வியாழக்கிழமை நீரே திரும்ப எடுத்தீர். "ஓம் ஓம், நாளைக்குக் கட்டாயம்" என்றேன். பிறகு சொன்னீர்: "ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லும். நான் நித்திரை கொள்ளுவன். நீர் வருவீர் எண்டு முழிச்சுக்கொண்டு கிடக்கிறன்." நான் சிரித்தேன். "உந்தப் பலகைக் கதையை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போயிட்டீரோ?" என்றேன். வெள்ளிக்கிழமையும் நான் வரவில்லை. சனிக்கிழமை காலையில் நீர் இல்லை.

இரண்டு கிழமைக்கு முன் உம்முடைய மனைவி கந்தோருக்கு வந்தார். உம்முடைய சேவைக்கான விதவைப் பென்சனுக்கு அவர் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள்வரை நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் குடும்பமாக இருந்தவர்கள் என்று அந்தப் பிரிவுக் கிராம அலுவலர் கடிதம் தரவேண்டும். அந்தப் பிரிவுக்கு இப்போது நான்தானே. மூன்று வரிக் கடிதம். அதில் உம்முடைய பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று எழுத வேண்டியிருந்தது. உம்முடைய கதிரையில் இருந்துகொண்டு உம்முடைய மேசையில் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. "ஓம் தங்கச்சி, நாளைக்கு வாங்கோ" என்றேன். மறுநாள் உண்மையாகவே வேலை. அன்றைக்கும் அதையே சொன்னேன். இரண்டு முறையும் "பரவாயில்லை அண்ணை" என்று சொல்லிவிட்டு, வெயிலுக்குள் நடந்து போனார்.

மூன்றாம் முறை வந்தபோது என் முன்னால் பதினைந்து பேர் நின்றார்கள், மேலிடத்திலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தது. "அந்தக் கடிதம்..." என்று ஒரு பெண் குரல் கேட்டது. நான் தலையை நிமிர்த்தவே இல்லை. "எத்தினை தரம் சொல்லுறது? எனக்கென்ன பத்துக் கையே? நாளைக்கு வாங்கோ எண்டெல்லோ சொன்னனான்!" என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தால் அவர்.

அவர் அழவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. நேரே போய் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பலகையை இழுத்து எடுத்தார். சிலந்தி வலையைத் தட்டிவிட்டு என் மேசையில் சாத்தி வைத்தார். "ஏலாதெண்டா இதில எழுதி விடுங்கோ அண்ணை. நான் வராம இருப்பன். ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டு வாறதுதான் எனக்குக் கரைச்சலா இருக்கு" என்றார். பலகையில் உம்முடைய கையெழுத்து அப்படியே இருந்தது. நீர் ஆஸ்பத்திரிக்குப் போக முதல்நாள் எழுதியது. வேலிப் பிணக்கு, வெள்ளி. மரம் வெட்டும் அனுமதி, திங்கள்.

எல்லாரும் பார்த்திருக்க அந்த மூன்று வரியையும் எழுதினேன். முத்திரை குத்தினேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ஐந்து மாதமாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். "அவர் என்னை வரச் சொன்னவர் தங்கச்சி. என்ன சொல்ல இருந்தவர்?"

அவர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "ஒண்டும் இல்லை அண்ணை. சும்மா உங்களோட கதைச்சுக்கொண்டிருக்கத்தான்" என்றார்.

பெரிய விசயம் ஏதும் இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திராது.

அந்தப் பலகையில் நான் எழுதுவதென்றால் உம்முடைய எழுத்தை அழிக்க வேண்டும். செய்யாத வேலையை எப்படி அழிப்பது? அந்த வெள்ளிக்கிழமை வேலிக்காரர் இருவரையும் கூப்பிட்டு, கயிறு பிடித்து எல்லையைக் காட்டினேன். திங்கட்கிழமை சல்லிக் கிராமத்துப் பக்கம் போய், கூரைக்கு மேல் சரிந்து நின்ற வேப்பமரத்தைப் பார்த்து அனுமதிக்கு எழுதினேன். அந்த வீட்டுக் கிழவர் ஐந்து மாதமாக ஒவ்வொரு காற்றுக்கும் பயந்து வெளியில் படுத்திருக்கிறார். என்னிடம் நான்கு முறை வந்தாராம். நான்கு முறையும் ஓம் என்றேனாம். அதற்குப் பிறகுதான் முகம் துடைக்கிற என் லேஞ்சியால் பலகையைத் துடைத்தேன். அந்த லேஞ்சியைத் தோய்க்கப் போடவில்லை. மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து நான்தான் எழுதுகிறேன். என் கந்தோருக்கு ஒன்று, உம்முடையதற்கு ஒன்று. வேலை குறையவில்லை. களைப்பும் அப்படியேதான் இருக்கிறது. ஏலாது என்று எழுதும்போது இன்னும் கூச்சமாக இருக்கிறது. வெண்கட்டியை அழுத்திப் பிடித்து உடைத்துவிடுகிறேன். வாங்கில் கூட்டம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இரண்டு பேர் முகத்துக்கு நேரே ஏசினார்கள். ஒரு மனிசி, "இதை முந்தியே சொல்லியிருந்தா நான் கூலிக்குப் போயிருப்பன் ஐயா" என்றாள்.

மூன்று நாளைக்கு முன் மேலிடத்திலிருந்து போன் வந்தது. இரண்டு பிரிவுக் குடும்ப விபரமும் மறுநாள் காலையிலேயே வேண்டுமாம். "ஓம் சேர்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பைக்குள் இருந்த வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கு ஏலாது சேர். புதன்கிழமை தாறன்" என்றேன். ஏச்சு வரப்போகிறது என்று காத்து நின்றேன். "சரி, அப்ப புதன்" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

இவ்வளவுதான் ஐசே. ஒரு சொல். நீர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்த அந்த வியாழக்கிழமை உம்மிடம் இதைச் சொல்லியிருந்தால், நீர் நித்திரையாவது கொண்டிருப்பீர்.