பதினொரு மில்லிமீட்டர்

ஜூன் 7, சனி

மோட்டார் சைக்கிளுக்குக் கிராஷ் கார்டு வந்துவிட்டது. இன்ஜினின் இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும் இரும்புக் கம்பி. வண்டி சாய்ந்தால் காலையும் இன்ஜினையும் காப்பாற்றும். அதன்மேல் மாட்டிக்கொள்ள ஒரு ஜோடி ஃபுட்ரெஸ்ட்டும் வாங்கினேன். நீண்ட சாலையில் காலை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளலாம், முட்டிக்கு நிம்மதி. பத்தொன்பது வயது வண்டிக்கு இப்போதுதான் நகை போடுகிறீர்களா என்று தம்பி போனில் கிண்டல் செய்தான்.

போடச் சொன்னதே என் மனைவிதான். "போறதுன்னா அதைப் போட்டுட்டுப் போங்க. இல்லன்னா போகவே வேண்டாம்." கடற்கரை வரை அறுநூறு கிலோமீட்டர், தனியாக. திரும்பி வந்ததும் வண்டியை விற்றுவிடுவதாக முடிவு. நான் ஓட்டினால் வண்டி இடது பக்கம் ஒதுங்குகிறது. வண்டியில் குற்றமில்லை, தம்பி ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டான். என் உடம்புதான் நிதானம் இழந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இரண்டு வருடம் முன்பு மலை அளக்கும் வேலையை நானே விட்டுவிட்டு, அலுவலகத்துக்குள் வரைபடம் போடும் மேசைக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். சரிவில் கருவியோடு நிற்பவனுக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும்?

வீட்டில் எனக்கு 'இடதுசாரி' என்று பெயர். தம்பி வைத்தது. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஜூன் 8, ஞாயிறு

கார்டு பொருந்தவில்லை. மேல் கிளாம்ப்பை மாட்டிவிட்டுக் கீழே இன்ஜின் போல்ட்டில் கோர்த்தால், வலது பக்கம் அழகாக உட்காருகிறது. இடது பக்கத்தில் ஓட்டை ஒரு சுண்டுவிரல் அகலம் தள்ளி நிற்கிறது. காலை முழுக்க நெம்பிப் பார்த்தேன். கை வழுக்கிப் புறங்கைத் தோல் போனதுதான் மிச்சம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "விடுங்க. கடையில குடுத்து மாத்திக்கலாம்." அவள் முகம் ஏனோ வெளிறியிருந்தது. ரத்தம் பார்த்தால் அவளுக்கு ஆகாது.

ஜூன் 10, செவ்வாய்

மாற்றிக்கொண்டு வந்தேன். இதுவும் பொருந்தவில்லை. அதே பக்கம், அதே சுண்டுவிரல்.

ஜூன் 14, சனி

கடைக்காரர் கார்டைக் கண்ணாடி மேசைமேல் நிறுத்திக் காட்டினார். நான்கு முனையும் ஆடாமல் நின்றது. "சார், இது நேராத்தான் இருக்கு. நீங்க வண்டியைப் பாருங்க."

சுருக்கென்றது. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் கோடு பிடித்துக் கொடுக்கிற சர்வேயர் நான். என் வண்டிக்கு ஒரு நாளும் நூல் பிடித்துப் பார்த்ததில்லை. ஏன்? தம்பி பார்த்துவிட்டானே. அப்புறம் எதற்கு?

வீட்டுக்கு வந்து வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். பின்சக்கரத்தை ஒட்டி இரண்டு பக்கமும் நூல் இழுத்து, முன்னால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளந்தேன். மூன்று முறை அளந்தேன். சேஸிஸின், அதாவது வண்டிச் சட்டத்தின், முன்குழாய் பதினொரு மில்லிமீட்டர் இடது பக்கம் போயிருக்கிறது. குழாயின் கறுப்பு மற்ற இடத்துக் கறுப்பு இல்லை. நகத்தால் சுரண்டினேன். அடியில் வெல்டிங் வைத்து அரத்தால் ராவிய தடம்.

வண்டி எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது. நான் ஒரு முறைகூட விழுந்ததில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இந்த வண்டி மாதக்கணக்கில் என் கையை விட்டு இருந்தது ஒரே ஒரு முறைதான். நாலரை வருடம் முன்பு, மூன்று மாதம் மலையில் வேலை. சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். மடிப்பதை நிறுத்தவில்லை. நான்கு துணி மடித்து முடித்த பிறகு சொன்னாள்.

"உங்க தம்பி எடுத்துட்டுப் போனார். லாரி பின்னாடி மோதிட்டார். உயிரோட வந்ததே பெரிசுன்னு இருந்துச்சு. சொல்லிடலாம்னு அப்பவே சொன்னேன். அண்ணி, அண்ணனுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்னு அழுதார்."

அப்புறம்?

"நீங்க வண்டியில விரல் பட்டாலே குதிப்பீங்க. சரி பண்ணியாச்சுன்னார். நம்பினேன்."

அதுவரை சரி. அதுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். நான் முன்கோபிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்புறம்? வண்டி இழுக்குது, எனக்கு என்னமோ ஆகுதுன்னு நான் புலம்பினப்போ? நிதானம் பாக்கக் காது டாக்டர்கிட்ட போனோமே, சுழல்ற நாற்காலியில உக்கார வெச்சு என்னைச் சுத்தினாங்களே, வாந்தி எடுத்தேனே — நீ என் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு ஓரமா நின்னியே, அப்பக்கூடவா? எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டர் சொன்னாரே, நான் நம்பலையே, அப்ப ஒரு வார்த்தை?

இதையெல்லாம் அவளிடம் கத்தினேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "சந்தேகம் வந்துச்சு. ஆனா அதுக்குள்ள ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. இவ்வளவு நாள் ஏன் மறைச்சேன்னு கேப்பீங்களே."

ஜூன் 16, திங்கள்

அவள் வண்டியில் என் பின்னால் உட்காருவதை நிறுத்தியது தம்பி மோதிய அந்த வருடம்தான். இடுப்பு வலி என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

தம்பி வந்தான். கையில் புது ஹெல்மெட். சமாதானத்துக்குப் போலிருக்கிறது.

"அண்ணா, அஞ்சு வருஷம் முன்னாடி நடந்த ஒரு சின்ன விஷயம்..."

சின்ன விஷயமா? எத்தனை மில்லிமீட்டர் தெரியுமா என்று கேட்டேன். வண்டியில ஒண்ணுமில்ல, நீங்கதான் சாயறீங்கன்னு சொன்னியே, ஏன் என்றேன்.

"அப்ப என்ன சொல்றதுன்னு தெரியல. ஒரு தடவை சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

ஒரு தடவை சொல்லிவிட்டானாம். அதற்கப்புறம் பெயர் வைத்தானே, அது? எல்லார் முன்னாலும் அழைத்தானே? சர்வீசுக்கு நானே விட்டுட்டு வரேன் அண்ணா, நீங்க அலைய வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சாவியை வாங்கிப் போனானே? பாசம் என்று நினைத்து நெகிழ்ந்துபோன முட்டாள் நான்.

அடிக்கவில்லை. பயமாக இருந்தது, அடித்தால் நிறுத்துவேனா என்று. ஹெல்மெட்டை அவனிடமே கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 24, செவ்வாய்

சாப்பிட்டேன். தட்டை நானே கழுவி வைத்தேன்.

ஜூன் 28, சனி

சேஸிஸ் நேராக்கும் பட்டறையில் விட்டேன். மிஸ்திரி கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு குழாயைத் தடவிப் பார்த்தார்.

"இதை வெச்சுக்கிட்டு எத்தனை வருஷம் ஓட்டினீங்க?"

நாலரை என்றேன்.

"விழாம? இந்த வண்டியில வேற யாராவது உக்காந்திருந்தா மூணாம் நாளே பள்ளத்துல கிடந்திருப்பாங்க. நல்ல கை சார் உங்க கை."

வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். ஐம்பது வயது ஆள், கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவில். நல்ல கை என்று யாரோ முன்பின் தெரியாத மனிதர் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் இரண்டு பேருக்கு அது தெரிந்திருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

கார்டு மாட்டினேன். போல்ட்டுகள் ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே உள்ளே போயின. கடைசி இரண்டு சுற்றுதான் இறுக்கம். ஃபுட்ரெஸ்ட்டை முட்டி மடியும் கோணம் பார்த்து இரண்டு முறை ஏற்றி இறக்கி வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

புறவழிச்சாலைக்குப் போனேன். காலை நீட்டி வைத்த ஐந்தாவது நிமிடம் பார்த்தால், வண்டி வலது பக்கம் போகிறது! ஓரமாக நிறுத்தி மறுபடியும் நூல் பிடித்தேன். வண்டி நேராக இருக்கிறது. என் கைதான் வலது பக்கம் தள்ளுகிறது. இத்தனை வருடம் தள்ளித் தள்ளிப் பழகிய கைக்கு, அந்தப் பொய் போய்விட்டது என்று இன்னும் தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி மலைக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். தலைசுற்றல் என்னாச்சு என்றார் அதிகாரி. இல்லை என்றேன். எப்போதும் இருந்ததில்லை என்றேன்.

ஜூலை 19, சனி

கடற்கரை வரை போய் வந்தேன். நான்கு நாள். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் கை பழைய பழக்கத்தை விட்டது. கோடு போட்ட மாதிரி ஓடியது வண்டி. வாய்விட்டுப் பாடினேன். விற்கப்போவதில்லை.

அவள் கதவைத் திறந்தாள். கார்டில் கீறல் இல்லை என்பதை முதலில் பார்த்தாள், பிறகுதான் என்னை. நல்லா இருந்துச்சா என்றாள். நல்லா இருந்துச்சு என்றேன். தம்பியைப் பற்றி அவளும் பேசவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் காஸ் தீர்ந்துவிட்டது என்றாள் அவள். நான் எழுந்துபோய் அடுப்பைத் திருகிப் பார்த்தேன். பிறகு குனிந்து சிலிண்டரை அசைத்துப் பார்த்தேன். நிமிர்ந்தபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அவள் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"தீர்ந்துதானே இருக்கு?" என்றாள்.

"ம்" என்றேன்.