ஊர் வீட்டின் பூட்டு

ஏனுங்க,

போனில் பேசினால் கம்பெனி மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சென்னையில் பயிற்சி நன்றாகப் போகிறது. முதியோர் பராமரிப்பில் நல்ல தலைப்பாக எடுத்தால் பல்கலைக்கழகமே ஆராய்ச்சிக்கு உதவித்தொகை தருமாம்.

மாமா சாப்பிடுகிறாரா? ரசப்பொடி மேல்தட்டில் இருக்கிறது.

நேற்று பக்கத்து வீட்டு ஜெயசுதா அக்காவிடம் பேசினேன். "உங்க மாமனாரு சன்னல்கிட்டயே நின்னுட்டுப் போறவங்க வர்றவங்களையெல்லாம் கூப்புடறாருங்க" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

இன்று வகுப்பில் நம் ஊரைப் பற்றிச் சொன்னேன். நினைவு தப்பிய பெரியவர்கள் ரோட்டுக்குப் போய்விடுவார்கள் என்று பயந்து, ஷிப்டுக்குப் போகிறவர்கள் வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள் என்றேன். "இதையே தலைப்பா எடுத்துக்கோங்க, உதவித்தொகை நிச்சயம்" என்றார் பேராசிரியர். எங்கே பார்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். அக்கம்பக்கத்து வீடுகளில் என்றேன். அதற்குப் பிறகு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

நான் காலேஜுக்குப் போகும் நாட்களில் மாமாவை உள்ளே விட்டு நாம் வெளியே போடும் பூட்டைத் தேடியிருப்பீர்கள். அது என் பெட்டியில் இருக்கிறது. தெரிந்துதான் எடுத்து வந்தேன்.

புதிதாக ஒன்று வாங்கியிருந்தால் ஒரு சாவியை அக்காவிடம் கொடுத்து வையுங்கள். வாங்கவே இல்லை என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். மாமா சன்னலில் நிற்கிறார் என்றுதான் அக்கா சொன்னார். வாசலில் என்று சொல்லவில்லை.

இங்கும் தூக்கமில்லாமல்,
உங்கள் மனைவி