சிவப்பு விரிப்பு

ஆத்தாவுக்கு ஓமன்லருந்து ஈஸ்வரபாண்டி கும்பிட்டு எழுதுறேன். முழங்கால் வலி தேவலையா? நான் நல்லாருக்கேன்.

அனுமந்தன்பட்டியில தக்காளிக்கு அடியில மண்ண மூடி நாம வெள்ளிக் கலர் மல்ச்சிங் சீட்டு விரிப்போம்ல, இங்கன சிவப்பு. அதுல பட்டுத் திரும்புற வெளிச்சத்த வச்சு, பக்கத்துல இன்னொரு செடி நிக்கிதுன்னு ஏமாந்து செடி வெரசா வளருமாம். சூப்பர்வைசர் சொன்னாக. சிரிச்சேன். அப்புறம் கண்ணு கலங்கிருச்சு, வெயில்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன்.

உன் மருமக காரியத்துக்குத்தான் என்னால வர முடியல. முனீஸ்வரியோட அந்தச் சிவப்புச் சேலைய யாருக்கும் குடுத்துராத. எங்கூட வேலை பாக்குற மீரான் மைதீன் லீவுல அங்கன வந்திருக்காப்ல, அவருட்ட குடுத்து விடு. படுக்கையில பக்கத்துல விரிச்சுக்கிறேன். செடிக்கு அது போதும்னா எனக்கும் போதும்.

வேலைக்குப் போற வண்டி வந்துருச்சு. மாத்திரைய மறக்காமப் போடு.

சேலையத் தொவச்சுராத ஆத்தா.