வார்னிஷ் காயாத பெஞ்சு

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. இரண்டு தடவை லீவில் வந்தும் என் வாசலை மிதிக்காதவன் நீ. குற்றம் உன்னுடையதல்ல. இங்கே உன் மனைவியும் மகளும் சுகம். இதை நான் எழுதுகிறேனே என்று திகைப்பாய். எல்லாம் வார்னிஷ் செய்த வேலை.

நம் கோயில்பிள்ளையை உனக்குத் தெரியுமே, மணியடிப்பதிலிருந்து பெஞ்சு துடைப்பதுவரை எதையும் ஒரு பங்கு கூடவே செய்வார். ஆலயத்துப் பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்தவர், பளபளப்பு போதாதென்று கடைசிப் பெஞ்சுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் இன்னொரு பூச்சு கொடுத்துவிட்டார். ஞாயிறு ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துவிட்டு ஓடினேன். தாமதம். கடைசிப் பெஞ்சில்தான் இடம். அங்கே உன் மனைவி, மடியில் மகள். முகம் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

போதகர் எல்லோரையும் எழுந்து ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லச் சொன்னார். நாலு வருடமாக அந்த நேரத்தில் நான் கைப்பையில் எதையாவது தேடுவது வழக்கம். அன்று எழுந்து நகர்ந்துவிடலாமென்று பார்த்தால், எழ முடியவில்லை. அவளாலும் முடியவில்லை. சபையே நிற்கிறது, நாங்கள் மட்டும் ஆணியடித்ததுபோல் இருக்கிறோம். இவர்கள் பகை இவ்வளவு முற்றிவிட்டதா என்று போதகர் நினைத்திருப்பார், பாவம். நான் வெடுக்கென்று இழுத்தேன். "இழுக்காதீங்க அண்ணி, சேலை கிழிஞ்சிடும்" என்றாள். நாலு வருடத்தில் முதல் பேச்சு. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும்தான்.

ஆராதனை முடிந்து கோயில்பிள்ளை வார்னிஷைக் கரைக்க மண்ணெண்ணெய் தேடிப் போனார். அப்போதுதான் சொன்னேன். அம்மாவை அடக்கம் செய்த அன்று, அவள் ஒழுங்காகப் பார்த்திருந்தால் அம்மா இருந்திருப்பார் என்று ஊர் நடுவில் சொன்னேனே, அது பொய். இரண்டு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டி ஊட்டியவள் அவள். வாரத்துக்கொரு நாள் எட்டிப் பார்த்தவள் நான். என் பழியை அவள் தலையில் கட்டினேன். மன்னித்துவிடு என்றேன். "எப்பவோ மன்னிச்சுட்டேன் அண்ணி. உங்க பக்கத்துல வரத்தான் பயமா இருந்துச்சு" என்றாள். நாலு வருடமாகப் பரமண்டல ஜெபத்தைக் கடகடவென்று சொல்லி வந்தவள் நான். அன்று அவளோடு சேர்ந்து சொன்னபோது, 'எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்' என்ற இடத்தில் அழுதுவிட்டேன்.

சாயங்காலம் இருவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உன் மகளின் பிறந்தநாளுக்கு ஒன்றாக நாலு கவுன். ஆலயத்தில் எட்ட இருந்தே கண்ணால் அளவெடுத்துத் தைத்தவை, கொடுக்க முகமில்லாமல் பூட்டி வைத்தவை. மூன்று சிறிசாகிவிட்டன. நாலாவது கச்சிதம். அதைப் போட்டுக்கொண்டு கழற்றவே மாட்டேனென்று அடம். சிறிசான மூன்றும் பொம்மைக்காம். "அத்தை, பொம்மைக்கு ரொம்பப் பெரிசு, பிடிச்சுக் குடுங்க" என்று இப்போதே அதிகாரம் செய்கிறாள். அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

உன் மனைவி பக்கத்தில்தான் இருக்கிறாள். உனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது என்கிறாள். எனக்கா தெரியாது? ஒரே வயிற்றில் பிறந்த கோபம்.

தம்பி, உனக்கொரு சட்டை தைக்கத் துணி எடுத்துவிட்டேன். என் நோட்டில் இருப்பது பழைய அளவு. உனக்கு வயிறு போட்டிருக்கிறதாம், போனில் பார்த்தவள் சொல்கிறாள். அளவைக் கடிதத்தில் எழுதி அனுப்பாதே, நான் வாங்க மாட்டேன். நேரில் வந்து என் முன்னால் நில்.

தேவன் உன்னைப் பத்திரமாக என் வாசலுக்குக் கொண்டுவருவாராக.

டேப்பைக் கழுத்தில் போட்டபடி,
உன் அக்கா