தண்ணியும் கலரும்தானே

சேலையூர்
பங்குனி மாதம், சனிக்கிழமை மத்தியானம்

சௌபாக்கியவதி நித்யஸ்ரீக்கு அம்மா பாலாம்பாள் ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. எடின்பரோவில் நீயும் மாப்பிள்ளையும் அனிருத்தும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. போனில் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, நடுவில் குழந்தை பாலைக் கொட்ட, பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. கீழ் வீட்டு தோத்தாத்ரி மாமாவின் பெண் செவ்வாய்க்கிழமை லண்டன் கிளம்புகிறாள், அங்கிருந்து உனக்குத் தபாலில் அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள், அப்பளமும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுக்கிறேன், அதோடு இதையும் வைத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, அதற்குத்தான் பதில். உனக்கு மறுபடி ஆபீசுக்குப் போக வேண்டும், அனிருத்தை நாள் முழுக்க வேறு யாரிடமோ விட மனசில்லை, அங்கே ஸ்பிரிங் ஆரம்பித்துவிட்டது, இனிக் குளிர் பயமில்லை, அதனால் ஸ்கூல் வேலையை விட்டுவிட்டு வந்து ஆறு மாதம் இரு, இனி வருஷா வருஷம் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றாய். எல்லாம் நியாயம்தான். ஒரு வாரம் டைம் கொடு என்றேன். அதற்கு நீ, "அது என்னம்மா பெரிய வேலை, தண்ணியும் கலரும்தானே" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்த பிறகு அப்பாவிடம் ஒரு பாட்டம் புலம்பினேன், அவர் நீ சொன்னதில் தப்பொன்றும் இல்லையே என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அதனால் இந்த ஒரு வாரத்துத் தண்ணியையும் கலரையும் மட்டும் உனக்கு எழுதிவிடுகிறேன், படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

எங்கள் ப்ளே ஸ்கூலுக்குப் பாடத் திட்டம் எங்கிருந்தோ அட்டைப் பெட்டியில் வரும், அதில் எந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்தே இருக்கும். இந்த வாரத்துக்கு 'ஸ்பிரிங் வீக்' என்று போட்டிருந்தது. பனி உருகுவதைப் பஞ்சில் செய்து காட்ட வேண்டுமாம், ரெயின்கோட் போட்டுக்கொண்டு குட்டையில் குதிக்க வேண்டுமாம், ரோஸ் கலர் காகிதத்தில் மரம் பூக்க வேண்டுமாம், வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் வானவில். இங்கே தாம்பரத்தில் வெயில் எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்கிறது, குட்டைக்கு எங்கே போக. ஸ்கூலை நடத்துகிற சுப்ரஜா, பாவம், சின்னப் பெண், அவளுக்கு எல்லாம் வாட்ஸ்அப்தான். அடுத்த வாரம் ஸ்பிரிங் வீக், குழந்தையிடம் ஸ்பிரிங் சம்பந்தமாக ஏதாவது ஒரு பொருள் கொடுத்து அனுப்பவும் என்று பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும் நித்யா. பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் ஒரு டப்பா நிறைய. துணி கிளிப்பைக் கழற்றி எடுத்த ஸ்பிரிங். யாரோ வீட்டுப் பழைய சோபாவிலிருந்து துருப்பிடித்த ஒன்று. ஒரு அம்மா வெங்காயத்தாள் ஒரு கட்டு அனுப்பியிருந்தாள், சூப்பர் மார்க்கெட்டில் அதற்கு ஸ்பிரிங் ஆனியன் என்றுதானே எழுதியிருக்கிறது. இன்னொரு டிபன் பாக்ஸில் ஸ்பிரிங் ரோல், அதுவும் சூடாக. எல்லாவற்றுக்கும் மேலே, மெயின் ரோட்டில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற அரிகிருஷ்ணன், இந்தப் பக்கமெல்லாம் வயலாக இருந்த நாளில் இருந்தே இங்கே இருக்கிற குடும்பம், அவர் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் ஒன்றை கிரீஸ் போகத் துடைத்து, பேப்பரில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். அவர் பெண் அனுப்பிரியா பின்னாலேயே பெருமையாக நடந்து வந்தாள். ஆயா கிளியம்மாள் மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னா மிஸ், காயலாங்கடை போடப் போறீங்களா" என்றாள்.

சுப்ரஜாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு பேருக்கும் தப்பு என்று மெசேஜ் போடப் போனாள். நான் போனை வாங்கி வைத்துவிட்டேன். குழந்தைகள் ஆசை ஆசையாகக் கொண்டுவந்ததை இது இல்லை என்று திருப்பி அனுப்பினால் அடுத்த தடவை எதையும் கொண்டுவராது. ஸ்பிரிங் ரோலை ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து முதலில் தீர்த்தோம். அப்புறம் தட்டில் பெயின்ட் ஊற்றிப் பேனா ஸ்பிரிங்கைத் தோய்த்துக் காகிதத்தில் குத்தச் சொன்னேன், குட்டிக் குட்டி வட்டமாக விழுந்தது. வெங்காயத்தாளின் அடியை வெட்டித் தோய்த்தால் வட்டத்துக்குள் வட்டமாகப் பூ. அந்தப் பெரிய ஸ்பிரிங்கை என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. அனுப்பிரியா அதை நீல பெயின்டில் புரட்டி, தரையில் விரித்திருந்த நீளக் காகிதத்தில் இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே போனாள். அது போன வழியெல்லாம் சாய்ந்த கோடாக வரிசையாக விழுந்தது. வகுப்பே எட்டிப் பார்த்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லாக் குழந்தையும் மழை மழை என்று கத்த ஆரம்பித்துவிட்டது. நிஜமாகவே சாய்ந்தடிக்கிற மழைதான் அது, ஐப்பசியில் நம் பால்கனியில் அடிக்குமே, அதே மாதிரி.

செவ்வாய்க்கிழமை ஸ்பிரிங் என்றால் வசந்தம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு வாண்டு எழுந்து வசந்தா எங்கள் அத்தை, பொழிச்சலூரில் இருக்கிறாள் என்றது. சரி, இது உதவாது என்று வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கூல் வாசல் புங்கமரம் இப்போதுதான் பூத்து உதிர்கிறது, தரையெல்லாம் பொரி இறைத்த மாதிரி இருக்கும். கிளியம்மாள் தினமும் காலையில் பெருக்கித் தள்ளிவிடுவாள், அன்றைக்குப் பெருக்காதே என்று கெஞ்சி வைத்திருந்தேன். குழந்தைகள் பூவை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார்கள். பெட்டியில் வந்த ரோஸ் காகிதம் பெட்டியிலேயே இருக்கிறது. நீ போன வாரம் உன் வீட்டு வாசலில் ரோஸாகப் பூத்த மரத்தை வீடியோவில் காட்டினாய் இல்லையா, அதை நினைத்துக்கொண்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அட்டையில் வில் வெட்டி ஏழு கலர் அடித்துப் பஞ்சு ஒட்டினால் போதும் என்றுதான் போட்டிருந்தது. புதன்கிழமை அதை ஒட்டும்போது அனுப்பிரியா, ரெயின்போ என்றால் ஸ்டிக்கர்தானே மிஸ் என்று கேட்டாள். நிஜத்தில் பார்த்ததே இல்லையாம். விசாரித்தால் ஒரு குழந்தையும் பார்த்ததில்லை. எப்படிப் பார்க்கும், இந்த அபார்ட்மென்டுகளுக்கு நடுவில் வானமே ஒரு முழம்தான் தெரிகிறது. சரி, நிஜமாகவே ஒன்று காட்டிவிடுவோம் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை விடிந்ததும் மொட்டைமாடியில் நானும் அப்பாவும் ஒத்திகை பார்த்தோம். வெயில் முதுகில் பட நான் நிற்க, அப்பா தோட்டத்து ஹோஸைக் கட்டைவிரலால் அழுத்திப் பூத்தூவலாகப் பீய்ச்ச, என் கண்ணுக்கு நேரே வில் வந்து நின்றது. இவ்வளவுதானா விஷயம் என்று இறங்கி வந்து தோசை வார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் எட்டரைக்கு வருவதாக இருந்ததை, ஆபீஸ் போகிறவர்கள் பர்மிஷன் போட வசதியாக இருக்கட்டும் என்று சுப்ரஜா பதினொரு மணிக்கு மாற்றிவிட்டாள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அப்பா முழங்காலில் பெல்ட் போட்டுக்கொண்டு ஹோஸோடு வந்தார். பெற்றோர் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். அப்பா பீய்ச்சினார். தண்ணீர்தான் வந்தது. இன்னும் மேலே பீய்ச்சச் சொன்னேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பூத்தூவலாக, வேகமாக. ஒன்றும் இல்லை நித்யா. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நிற்கிறார்கள், மேலே ஒரு விமானம்தான் போயிற்று. ஒரு அப்பா மெதுவாக வாட்சைப் பார்த்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த நிமிஷம், உண்மையைச் சொல்கிறேன், நீ சொன்னதுதான் சரி, இதெல்லாம் ஒரு வேலையா, பேசாமல் எடின்பரோ போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது என் புடவைத் தலைப்பை யாரோ இழுத்தார்கள். அனுப்பிரியா. அவள் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை, தன் காலடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மிஸ், மேல இல்ல. இங்க கீது, கீழ" என்றாள். குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவள் உயரத்துக்கு உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் உயரத்தில், தண்ணீர் வந்து விழுகிற இடத்தில், தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டிருந்தது. பளிச்சென்று, சிவப்பும் ஊதாவும் தெரிய. வெயில் உச்சிக்கு ஏற ஏற வில் கீழே இறங்கிவிடும், அதுதான் காரணம், அப்பா அப்புறம் படம் போட்டு விளக்கினார். அந்த நேரத்தில் யாருக்கு விளக்கம் வேண்டும். எல்லோரும் கீழே பாருங்கள் என்று கத்தினேன். ஆபீஸ் பேன்ட்டோடு ஒருத்தர் குந்தினார், சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், அரிகிருஷ்ணன் ஈரத் தரையில் மண்டியே போட்டுவிட்டார். குழந்தைகள் அதைப் பிடிக்க ஓடினார்கள், கிட்டே போனால் காணோம், திரும்பி வந்தால் இருக்கிறது. அப்பா கை வலிக்க வலிக்க, டேங்க் காலியாகும் வரைக்கும் பீய்ச்சினார். சுப்ரஜா போட்டோ எடுக்க மறந்துபோனாள்.

எல்லோரும் கிளம்பும்போது அரிகிருஷ்ணன் சட்டையைப் பிழிந்துகொண்டே என்னிடம் வந்தார். சின்னப் பெண்ணையும் ஜூனில் இங்கே சேர்க்கலாம் என்று இருக்கிறாராம். "நீங்க அப்பவும் கீறீங்க இல்ல மிஸ்" என்று கேட்டார். சுப்ரஜா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், நீ கூப்பிட்டிருப்பது அவளுக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருப்பேன் என்று வந்துவிட்டது. உன்னிடம் கேட்கவில்லை, அப்பாவிடம்கூடக் கேட்கவில்லை. அப்பா ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

அதனால் என் பதில் இதுதான் கண்ணம்மா. நான் வருகிறேன். ஏப்ரல் கடைசியில் ஸ்கூல் மூடியதும் வருகிறேன், அப்பாவும் வருவார். மே மாதம் முழுக்க அனிருத் என் பொறுப்பு, நீ நிம்மதியாக ஆபீசுக்குப் போ. அதற்குள் அவனுக்கு ஒரு நல்ல நர்சரியாகப் பார்த்து வை, நான் அங்கே இருக்கும்போதே சேர்த்துவிடலாம், முதல் நாள் அழுதால் எப்படி விட்டுவிட்டு வர வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும். அவனை விடப் போகிற இடத்திலும் என்னை மாதிரி ஒருத்தி தண்ணியும் கலருமாகத்தான் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்கு முகம் கொடுத்துப் பேசு. ஜூனில் நான் இங்கே இருக்க வேண்டும். உன்னைவிட அந்தக் குழந்தைகள் எனக்குப் பெரிதா என்று கேட்காதே, அப்படி எல்லாம் இல்லை. உன்னைப் பார்க்காமல் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது, ராத்திரி சாப்பிடும்போது உன் தட்டு இருக்கும் இடத்தைப் பார்க்காத நாள் இல்லை. ஆனால் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது நித்யா. இந்த வயதில் இப்படி ஒன்று பிடிக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

போன வாரம் அப்பா பல்லாவரம் சந்தையில் பழைய சரவிளக்கிலிருந்து கழன்ற பட்டைக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார், அனிருத்துக்குச் சுற்றி வைத்திருக்கிறேன். ஜன்னலில் கட்டித் தொங்கவிடு, சுவரில் கலர் விழும். வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள். நீ தலை காயாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். அங்கே சூரியன் இங்கே மாதிரி உச்சிக்கு ஏறாதாம், காலையும் மாலையும் வெகு நேரம் சாய்ந்தே இருக்குமாம், அதனால் வில் நன்றாக மேலே நிமிர்ந்து நிற்கும் என்கிறார் அப்பா. கீழே பார்க்க எனக்கு அனுப்பிரியா சொல்லிக் கொடுத்தாள். மேலே பார்க்க அனிருத் சொல்லித் தரட்டும்.

மூன்று பேரும் தீர்க்காயுசாக, மனம் கோணாமல் சந்தோஷமாக இருங்கள். டிக்கெட் போடும்போது திரும்புகிற டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுவிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா,
பாலா மிஸ்