நாலு நிமிஷ வழக்கு

ஆரணி
14-2-2001

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க அம்மன் துணை. இங்கே நானும் அப்பாவும் நலம். நலம் என்ன நலம், நான் ஜெயித்துவிட்டேனடி! ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது உதட்டைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் விட்டேன். எழுத்தில் போட்டால்தானே சாட்டிலைட் பார்த்துக் குறித்துவைக்கும் உன் குழுவுக்கு நீ படித்துக் காட்டமுடியும்? அதனால்தான் அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் நீ சொன்னது எனக்கு எவ்வளவு உறைத்தது என்று உனக்குத் தெரியாது. வாராவாரம் நீ சொல்லும் நேரத்துக்கு முன்பே மாடியேறி நின்று, எந்த சாட்டிலைட் எப்போது வந்தது, எந்த நட்சத்திரத்தைவிட வெளிச்சம் கூட, எதைவிடக் கம்மி என்று, பட்டு நூலுக்குச் சாயம் ஜோடி பார்ப்பதுபோலப் பார்த்துச் சொன்னேன். நீயோ, "வெளிச்சம் எல்லாம் சரியா சொல்றம்மா, நேரம்தான் தப்பு, குழுவுல ஏத்துக்க மாட்டேங்கறாங்க, விட்டுடும்மா" என்றாய். விடு என்றால் விடுகிறவளா நான்? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உங்கப்பா வேறு தறியில் உட்கார்ந்தபடியே, "மானத்தையே பாத்துகினு நின்னா ரசம் தானா கொதிக்குமா" என்று குத்தினார்.

அப்புறம் யோசித்தேன். நான் பார்த்தது தப்பு என்றால் ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே என்றுதானே இருக்கவேண்டும்? எல்லாமே நீ சொன்ன நேரத்துக்கு நாலு நிமிஷம் முன்னாலேயே வந்து போகின்றன. இத்தனையும் பேசிவைத்துக்கொண்டா வரும்? இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் கரண்ட் போனது, பொழுது போகட்டும் என்று டிரான்சிஸ்டரை மாடிக்கு எடுத்துப் போனேன். செய்திக்கு முன்னால் பீப் பீப் என்று மணி காட்டினான். என் வாட்ச்சைப் பார்த்தேன், இன்னும் நாலு நிமிஷம் பாக்கி! நம் தெருவுக்கு மணி எது? குப்புராஜ் ரைஸ் மில்லில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊதும் சங்குதானே, அதைக் கேட்டுத்தானே எல்லார் வீட்டிலும் முள்ளைத் திருப்பி வைக்கிறோம்? அந்தச் சங்குதான் நாலு நிமிஷம் தாமதமாக ஊதுகிறது. டிவியில் செய்தி எப்போதும் பாதியிலிருந்தே கிடைத்ததும், கலசப்பாக்கம் பஸ் எப்போதும் முன்னாலேயே கிளம்பிவிடுகிறது என்று உங்கப்பா கண்டக்டரோடு மல்லுக்கு நின்றதும் ஏன் என்று இப்போது புரிகிறதா?

மில்லுக்கே போய்க் கேட்டேன். குப்புராஜ் சிரித்தார். "எங்க தாத்தா காலத்து சங்குங்க, ஊரே இதைக் கேட்டுதான் உலை வெக்குது, ரேடியோக்காரன் சொல்றான்னு இன்னாத்துக்கு பேஜார் பண்றீங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். அந்த வாரம் நீ ஆரணிக்கென்றே கணக்குப் பார்த்து ஒன்று சொல்லியிருந்தாயே, இரிடியம் சாட்டிலைட்டின் தகடு கண்ணாடிபோல வெயிலைத் திருப்பி அடிக்கும், வெள்ளிக்கிழமை ஆறு ஐம்பத்திரண்டுக்கு வடக்கே வெள்ளியைவிடப் பிரகாசமாக எரியும், பக்கத்து ஊர் சந்தவாசலில் நின்று பார்த்தால்கூட இப்படி இராது என்று. அதை வைத்தே சவால் விட்டேன். "எங்க மாடிக்கு வாங்க, உங்க மில் புகைபோக்கிக்கு மேல ஒரு வெளிச்சம் வரும், சங்கைக் கேட்டு வெச்ச உங்க வாட்ச்சுல அப்போ ஆறு நாப்பத்தெட்டுதான் இருக்கும்" என்றேன். விஷயம் அதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. உங்கப்பா தலையில் அடித்துக்கொண்டு, "வரலைன்னா இனிமே மாடிப்பக்கமே போகக்கூடாது" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாடியில் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டுக் கமலம் சுண்டல் வேறு கொண்டுவந்தாள், சினிமாவுக்கு வந்தவள் மாதிரி. குப்புராஜ் வாட்ச்சையே பார்த்துக்கொண்டு, "நாப்பத்தேழு ஆச்சுங்க, ஒண்ணத்தையும் காணோமே" என்றார். எனக்கு உன்மேல்கூடச் சந்தேகம் வந்தது, மன்னித்துக்கொள். அப்போது புகைபோக்கிக்கு மேலே பொட்டாக ஒன்று நகர்ந்தது. மங்கலாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் ஏறு ஏறு என்று ஏறி, அடியம்மா, விளக்குப் போட்டதுபோல எரிந்தது! தெருவே கத்தியது. குப்புராஜ் வாட்ச்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். "நாப்பத்தெட்டுதாங்க" என்றார். அவர் வாயாலேயே சொன்னார்!

மறுநாள் சங்கு ரேடியோ மணிக்குச் சரியாக ஊதியது. வீட்டுக்கு வீடு கடிகாரத்தைத் திருப்பினார்கள். உங்கப்பா திங்கட்கிழமை கலசப்பாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்வந்தார், வந்து என்னவோ தானே கண்டுபிடித்ததுபோல எல்லாரிடமும் அளந்துகொண்டிருக்கிறார். போகட்டும். நீ என் பழைய நேரங்கள் எல்லாவற்றுக்கும் நாலு நிமிஷம் கூட்டி மறுபடி அனுப்பு. என் பெயரை முழுசாகப் போடச் சொல், சுருக்கக் கூடாது. வெறும் தலையோடு பனியில் நின்று வானம் பார்க்காதே, எள்ளுப்பொடியும் நார்த்தங்காயும் பார்சலில் வருகிறது.

இன்னொன்று. ஞாயிறு ஏழு மணிக்குப் போன் என்று நமக்குள் பேச்சு. எப்போதும் நாலு நிமிஷம் முன்னாலேயே மணி அடிக்கும். என் பெண்ணுக்கு ஏழு ஆகும்வரை பொறுக்காது என்று கமலத்திடம் எத்தனை பெருமை அடித்திருப்பேன். இந்த ஞாயிறு கடிகாரம் சரியாக இருந்தது. வழக்கம்போல ஏழுக்கு நாலு நிமிஷம் முன்னாலேயே போய்ப் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன், அடிக்கவில்லை. சரியாக ஏழுக்குத்தான் அடித்தது. ஊரையே ஜெயித்துவிட்டு அந்த நாலு நிமிஷத்தை மட்டும் நான் தோற்றுவிட்டேன். வருகிற ஞாயிறு முதல் நீயாகவே நாலு நிமிஷம் முன்னால் கூப்பிடு, மறந்துவிடாதே.

தீர்க்காயுசாக, நிறைந்த மனசோடு இரு.

உன் அம்மா,
தி. அபிதகுசாம்பாள்