காதுவலியைச் சொல்லப் போன தூதர்

தெல்லிப்பழை
12.6.1984

வெருகலை ஆளும் அக்கா வள்ளிப்பிள்ளைக்கு, பள்ளி விடுதிச் சமையற்கட்டை ஆளும் தம்பி வணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் சுகமா? உன் மகள் யோகராணி நல்ல சுகம். பயப்படாமல் மேலே படி.

போன வாரம் பிள்ளைக்குக் காதுவலி. விடுதி மருந்தறைக்கு மூன்று நாள் போயும் வாய் திறக்கவில்லை. நம் வேடர் ஊரில் நோயாளி தன் நோயைத் தானே சொல்வதுண்டா? கூடப்போனவரல்லவா சொல்லவேண்டும்! இங்கேயோ தனியாகத்தான் உள்ளே விடுவார்கள். "ஒண்டுமில்லை, போ பிள்ளை" என்று மருந்தறைத் தாதி மிஸி அனுப்பிவிட்டார்.

கேள்விப்பட்டதும் அகப்பையோடு புறப்பட்டேன். யாழ்ப்பாணமே விலகி வழிவிட்டது. "இவளின்ட காதுக்குள்ள ஏழு யானை பிளிறுது, மிஸி!" என்றேன்.

மிஸி காதுக்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "ஐயோ, சீழ் வைச்சிருக்கு! ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

காரணத்தை நான் சொன்னேன். ஆஸ்பத்திரி மருந்துக்கு ஏழு யானையும் ஓடிவிட்டன. அதைவிடப் பெரிய சேதி, நம் பக்கத்துப் பிள்ளைகள் இனித் துணையோடு வரலாமாம்! விடுதியிலுள்ள நம் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் மறைத்து வைத்திருந்த நோயெல்லாம் இப்போது தேர்த்திருவிழாபோல் ஊர்வலம் வருகிறது.

இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கொஞ்சம் தேனும் கருவாடும் கொடுத்துவிடு. கருவாடு மெல்லியதாக இருக்கட்டும். எனக்குப் பத்து நாளாகப் பல்வலி. எனக்காகச் சொல்ல இங்கே யார் என்று பேசாமல் கிடந்தேன். இன்று காலை உன் மகள் என் கையைப் பிடித்து மருந்தறைக்கு இழுத்துப்போனாள்.

"மிஸி, எங்கட மாமாட பல்லுக்குள்ள கப்பல் ஒண்டு தரைதட்டிக் கிடக்கு!"

சோறு அடிப்பிடிக்கிறது, ஓடுகிறேன்.

தம்பி கதிராமத்தம்பி